அளவு நோட்டு

கார்த்திகை 1, திங்கள்

அளவு நோட்டில் கோபத்துக்குக் கட்டம் இல்லை. அதனால்தான் இந்த டைரியை எடுத்தேன். சிமெண்டுக் கடையில் ஜனவரி வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது, பத்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. அச்சடித்த தேதியைப் பார்க்காமல் என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்கு விரதம் தொடங்கினேன். நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். பூஜை அலமாரியில் இருக்கும் பஞ்சலோக வேலுக்கு விடியற்காலையில் பஞ்சாமிர்தமும் இளநீரும் அபிஷேகம். எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு. வேண்டுதல் ஒன்றுதான். அவர் இருக்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் பெயரைக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நான் சொன்னதில்லை, எழுதலாம் அல்லவா: நாச்சிமுத்து. அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் டிரைவர். வண்டியை நடுவழியில் நிறுத்தி ஒதுங்க முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டியவர். சர்க்கரை ஒரு பக்கம், அது ஒரு பக்கம், இரண்டு கிட்னியும் போயின. பதினாலு மாதமாகச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.

இப்போது எனக்கு வேலை அளப்பதுதான். ஒரு நாளைக்குத் தண்ணீர், மோர், காப்பி எல்லாம் சேர்த்து எண்ணூறு மில்லி. காயைப் பொடியாக நறுக்கி, இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைக்க வேண்டும். அப்போதுதான் அதிலிருக்கும் பொட்டாசியம் இறங்கும். அது ரத்தத்தில் ஐந்தரைக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் வலியும் இருக்காது, சத்தமும் இருக்காது, இதயம் அப்படியே நின்றுவிடும் என்று டயாலிசிஸ் சிஸ்டர் ரெபெக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளை இன்றைக்கு என்னால் டாக்டருக்கு முன்னால் படிக்க முடியும். ஆகாதவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். வாழைப்பழம், இளநீர், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு, பேரீச்சை என்று பதினாறு.

காலை ஐந்தரைக்கு அபிஷேகம், தீபாராதனை. அவருக்குத் திருநீறு பூசி, பிரசாதம் ஒரு கரண்டி, தீர்த்தம் கொடுத்து, பூஜை அலமாரியைச் சாத்தினேன். பிறகு கை கழுவிவிட்டு அளவு நோட்டைத் திறந்தேன். மணி 6.40. காப்பி, 80 மில்லி.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இதுல உசுரே இல்லியே மயிலு" என்றார்.

"உங்க உசுரு அதுலதான் இருக்குது, உண்ணுங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் சுரைக்காயோடு நின்றவள் நான்.

கார்த்திகை 4, வியாழன்

செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் 5.1.

ரெபெக்கா சிஸ்டர் என் நோட்டை மற்ற பெண்களிடம் தூக்கிக் காட்டினார். "பாருங்க, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் மில்லி கணக்கா எழுதியிருக்காங்க. நல்லா பாத்துக்குறீங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மத்தியானம் பசிக்கவே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிக்குக் காய் வேகவைக்கும் முறையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு தண்ணீர் மட்டும் வடிக்கிறாளாம். ஒரு தண்ணீர்! புருஷனை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுவிட்டேன்.

முருகா, நான்கே நாளில் கண் திறந்துவிட்டாய்.

கார்த்திகை 6, சனி

வாங்கியது: பூஜைக்கு நாட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, பேரீச்சை, உலர்திராட்சை, நாட்டுச் சர்க்கரை, தேன், இளநீர் நான்கு. சமையலுக்குச் சுரைக்காய்.

கார்த்திகை 9, செவ்வாய்

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்த்தார்கள். இருக்க வேண்டியதைவிட நானூறு கிராம் அதிகம்.

"தண்ணி கூடக் குடிச்சிருக்காரும்மா" என்றார் ரெபெக்கா சிஸ்டர்.

"எண்ணூறு. அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாதுங்க."

"எடை பொய் சொல்லாதும்மா."

அப்படியானால் பொய் சொல்வது யார்? நானா? பதினைந்து பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா? போன வாரம் தூக்கிக் காட்டிய அதே நோட்டு இது. பஸ்ஸில் வரும்போது அவரிடம்கூடப் பேசவில்லை. அவர் இரண்டு முறை "காலு கனமா இருக்குது" என்றார். எனக்கு மனசு கனமாக இருந்தது, அதை நான் சொல்லவில்லை.

கார்த்திகை 11, வியாழன்

பொட்டாசியம் 6.2.

அரிசிக் கடையில் ஐந்து கிலோ பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனேன். சிஸ்டரைக் கேட்காமல் எடை மிஷினில் வைத்தேன். 5.0 காட்டியது. இறக்கி மறுபடி வைத்தேன். 5.0.

எல்லோரும் சிரித்தார்கள். டயாலிசிஸில் படுத்திருந்த ஒரு பெரியவர், "அரிசிக்கும் கிட்னி போயிருச்சாங்க அம்முணி?" என்று கேட்டார். இவரும் சேர்ந்து சிரித்தார், என் புருஷன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சிஸ்டர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இப்படிச் சாப்பிட்டா ஆறுக்குப் போகாதும்மா. வேற ஏதோ உள்ள போகுது. காலைல முதல்ல என்ன குடுப்பீங்க?"

"காப்பிங்க. பொறவு இட்லி ரண்டு."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால சாமி கும்புடுவோம்."

அவர் கழுத்தில் சிலுவைச் சங்கிலி. வேறொன்றும் கேட்கவில்லை.

கார்த்திகை 12, வெள்ளி

அவரைத்தான் பிடித்தேன். வேறு யாரைப் பிடிப்பது? கைலியை உதறினேன், சட்டைப் பையைத் துழாவினேன். நேற்றுச் சாயங்காலம் கூட வேலை பார்த்தவர்களோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"உக்காந்தேன். குடிக்கல."

"வாய ஊதுங்க."

"போலீஸ்காரன்கூட என்னைய ஊதச் சொன்னதில்ல மயிலு."

ஊதினார். மருந்து வாடைதான் வந்தது.

"சத்தியமுங்களா?"

"எது சொன்னா நம்புவ? நீ குடுக்கறதத் தவிர ஒண்ணும் என்ற வாய்க்குள்ள போறதில்ல. போதுமா?"

போதாது. அவர் உண்மையைச் சொன்னால் தப்பு என்னிடம். என்னிடம் தப்பு இல்லையென்றால் அவர் பொய். இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்? நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஒரு கட்டம் விட்டுப்போகவில்லை. என்னால் இதற்கு மேல் செய்ய முடியும் என்றால் எப்படி என்று யாராவது வந்து காட்டட்டும்.

நம் கையில் இல்லாததற்கு அவன்தான் கதி. நாளையிலிருந்து பிரசாதம் இரண்டு கரண்டி.

கார்த்திகை 14, ஞாயிறு

அவருடைய அக்கா வந்திருந்தார், சொர்ணாத்தாள் நங்கை. தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி, தம்பியைப் பார்க்க மாதம் ஒரு தரம் வருவார். சேலையைக்கூட உதறவில்லை, பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். தக்காளித் தொக்கு. எண்ணெய் மிதக்கிறது.

எனக்குப் பொறி கலங்கிவிட்டது. "இதுதானுங்களா மாசா மாசம் நடக்குது? நான் கொல்லையில துணி துவைக்கப் போனதும் தம்பிக்கு ஊட்டி உடறீங்களா?"

"ஏ மயிலு, என்ன பேச்சுப் பேசற? உனக்குக் கொண்டாந்தது அது. விரதம்னு வெறுஞ்சோறு உங்கற, நாக்குக்கு வேணுமேன்னு..."

"உங்க தம்பிக்கு ரத்தத்துல ஆறு புள்ளி ரண்டு இருக்குதுங்க. எங்கிருந்து வந்துது? நான் குடுக்கல. அவுரு குடிக்கல. ஊட்டுக்கு வந்தது நீங்க ஒருத்தருதான்."

"நான் போன மாசம் வந்தவ!"

கிண்ணத்தை எடுத்துப் போய் சாக்கடையில் கொட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டினேன். நங்கை எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று தம்பியிடம், "உம்பட பொண்டாட்டி ஆனமுட்டும் பாக்கறா சாமி. அவளக் கோவிச்சுக்காத" என்றார்.

அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனமுட்டும் பார்க்கிறாளாம், முடிந்த மட்டும். ஆனமுட்டும் பார்த்தால் ஆறு புள்ளி இரண்டு ஏன் வருகிறது?

கார்த்திகை 15, திங்கள்

ஓசூரிலிருந்து மகள் பேசினாள். "நீ உன்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டுத்தான இருக்கற, விடும்மா" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ இங்கே இருந்து பார்த்தாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

கார்த்திகை 16, செவ்வாய்

6.6.

டாக்டர் பொடி மருந்து கொடுத்திருக்கிறார், குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். "வீட்டுச் சாப்பாட்டுல கொஞ்சம் கவனமா இருங்கம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு. கொஞ்சம் கவனம்! நான் பதினாலு மாதமாகக் கிராம் தராசோடு சமைக்கிறவள். இந்த டாக்டருக்கு வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது.

பொடி மருந்து கலக்க 30 மில்லி தண்ணீர். நோட்டில் ஏற்றினேன்.

கார்த்திகை 17, புதன்

தீபம். வீடு முழுக்க அகல் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தட்டில் பொரியும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து, "அண்ணனுக்குக் குடுங்க்கா" என்றாள். பழத்தை அவள் கண்முன்னாலேயே திருப்பிக் கொடுத்தேன். "இதுல ஒண்ணு உண்டா அவுரு உசுரு போயிரும், தெரியுமா உனக்கு?" பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்வது?

இன்றைக்கு வேலுக்குப் பெரிய அபிஷேகம். ஒரு சீப்புப் பழத்தையும் நானே பிசைந்தேன். இளநீர் ஆறு. கண்ணை மூடி, முருகா, நான் விட்டதை நீ பார்த்துக்கொள் என்று அழுதேன். அவருக்கு ஒரு சின்னக் கிண்ணம் நிறையப் பிரசாதம், தீர்த்தம் ஒரு டம்ளர். ஒரு துளி மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டார்.

கார்த்திகை 18, வியாழன்

ஆஸ்பத்திரி.

கார்த்திகை 20, சனி

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. கால் இரண்டும் துணி மாதிரி. நான் பூஜையை முடித்துவிட்டுக் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸை இல்லை, அவரைத்தான். கை தூக்க வரவில்லை. வாயை மட்டும் திறந்தார். பிரசாதத்தை ஊட்டினேன். ஊட்டிவிட்டுத்தான் போன் செய்தேன்.

7.3. இதயம் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஊசி மேல் ஊசி போட்டு, அவசரமாக டயாலிசிஸ் வைத்தார்கள். "இன்னும் அரை மணி நேரம் ஆயிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு நோட்டைக் கேட்டார். பதினேழு நாளையும் படித்தார்.

"இந்த நோட்டு உண்மைன்னா இந்த நம்பர் வராது. இந்த நம்பர் உண்மை. நீங்க எதையோ மறைக்கிறீங்கம்மா."

முருகன் மேல் சத்தியம் செய்தேன். நான் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை.

கார்த்திகை 22, திங்கள்

நாலு நாளாக ஆஸ்பத்திரிச் சாப்பாடு. குழைந்த சோறு, ரசம் என்ற பெயரில் ஒரு மஞ்சள் தண்ணீர். காயை ஊறப்போடுவதுமில்லை, ஒன்றுமில்லை, சமையற்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு 4.9.

என் கையால் 7.3. யாரோ கடனுக்குக் கிண்டியதில் 4.9. வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ரெபெக்கா சிஸ்டர் டூட்டி முடிந்து போகிறவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, சாப்பாடுன்னு யோசிக்காதீங்க. காலைல எந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க? வரிசையா சொல்லுங்க."

"எதுக்குங்க? எல்லாம் நோட்டுல இருக்குது."

"நோட்டு 6.40க்குத்தான் ஆரம்பிக்குது. நீங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

நாலரைக்கு. குளிப்பேன். கோலம் போடுவேன். வேலுக்கு அபிஷேகம் செய்வேன்.

"எதுலம்மா?"

"பஞ்சாமிர்தமுங்க, இளநி."

"அது அப்புறம் என்னாகும்?"

"பிரசாதமுங்க. அவுருக்குக் குடுப்பேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது சாப்பாடு இல்லீங்க சிஸ்டர். உங்களுக்கு அது புரியாது."

"எங்க கோயில்லயும் அப்பம் தருவாங்க, திராட்சை ரசம் தருவாங்க. எனக்குப் புரியும்மா. அந்தப் பஞ்சாமிர்தத்துல என்னென்ன போடுவீங்க?"

வாழைப்பழம் என்றேன். பேரீச்சை என்றேன். உலர்திராட்சை. நாட்டுச் சர்க்கரை என்று பாதி சொல்லி நிறுத்தினேன். என் ஃபிரிட்ஜில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைத்தான் நான் அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் நெருங்கி உட்கார்ந்தார். என் கையைப் பிடித்தார். பிடித்ததை உதறினேன். எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன்.

கார்த்திகை 23, செவ்வாய்

டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னேன். தினமும் ஒரு கரண்டி, பிறகு இரண்டு, தீபத்தன்று ஒரு கிண்ணம், உங்களுக்கு விஷம் வைத்தது நான்தான் என்றேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொத நாள்ல இருந்தே தெரியும் மயிலு. பழமும் இளநியும் ஆகாதுன்னு நீதான எழுதி ஒட்டியிருக்கற. நான் என்ன படிக்கத் தெரியாதவனா?"

"பொறவு எதுக்குங்க வாயத் தொறந்தீங்க?"

ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினாலு மாசமா நீ எனக்கு அளந்துதான் எல்லாத்தையும் குடுக்கற. தண்ணிய அளந்து, சோத்த அளந்து, மாத்திரைய எண்ணி. அது ஒண்ணுதான் கண்ண மூடிட்டு அளக்காம குடுத்த. அத எப்புடி வேண்டாங்கறது? அதும் இனிப்பா வேற இருந்துச்சு."

கடைசியில் சிரித்தார். தலையணையை எடுத்து அவர் மேல் எறிந்தேன். ஊசி போட்ட கை என்றுகூடப் பார்க்கவில்லை.

அவ்வளவு கோபம் எனக்கு எதற்கும் வந்ததில்லை. மாமனார் என் மேல் கை ஓங்கிய நாளில்கூட வரவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் சொல்லாமல் ஓட்டியிருப்பாரா? கண்டக்டர் மனசு நோகுமென்று ஓட்டியிருப்பாரா? அங்கே அறுபது உயிர். இங்கே ஒரு உயிர், அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒன்றுதான் இருக்கிறது.

"என்ற மனசு நோகக் கூடாதுன்னு நீங்க செத்துப் போயிருந்தா, காரியத்தன்னைக்கு ஒவ்வொருத்தரும் வந்து எங்கிட்ட என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமுங்களா? 'நீ ஆனமுட்டும் பாத்த மயிலு'ன்னு சொல்லியிருப்பாங்க. நானும் நம்பியிருப்பேன். சாகிற மட்டும் நம்பியிருப்பேனுங்க!"

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. முகம் மாறிவிட்டது. முதல் முறையாக அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

கார்த்திகை 24, புதன்

விடிகாலையில் வேலுக்கு முன்னால் வெறும் கையோடு நின்றேன். பழம் இல்லை, இளநீர் இல்லை. கும்பிடவும் வரவில்லை. வாய்க்கு வந்தபடி கேட்டேன். நான் படித்தவளா? உனக்குக் கண் இல்லையா? ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா? ஒரு பல்லியையாவது விழ வைத்திருக்கக் கூடாதா?

கேட்டு முடித்த பிறகு அவன் பேசாமல் நின்றான். அவன் எப்போதும் பேசாமல்தான் நிற்கிறான்.

எனக்குத் தெரியாது என்று எழுதிவிடலாம். வேலின் மேல் விழுந்துவிட்டால் அது பழம் இல்லை, பிரசாதம், பிரசாதத்தைக் கணக்கில் எழுதுவது பாவம் என்று பிறந்ததிலிருந்து கைக்குப் பழக்கம். அது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பழத்தைத் திருப்பிக் கொடுத்த கையும், ஒரு சீப்பைப் பிசைந்த கையும் ஒரே நாளில் ஒரே கை. 'அதுக்கு முன்னால?' என்று சிஸ்டர் கேட்டபோது சாமி கும்பிடுவோம் என்று சொல்லி நிறுத்தினேனே, ஏன் நிறுத்தினேன்? அங்கே ஏதோ ஒரு இடத்தில் ஒரு கதவு இருந்தது. திறந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு சத்தமாக எல்லோரையும் திட்டியிருக்க மாட்டேன்.

நோட்டை எடுத்தேன். கார்த்திகை ஒன்றுக்குப் போய், 6.40க்கு மேலே ஓரத்தில், 5.50 என்று போட்டு எழுதினேன். பஞ்சாமிர்தம் ஒரு கரண்டி, 20 கிராம். தீர்த்தம் 60 மில்லி. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பதினெட்டு நாள். எண்ணூறு என்று அடிக்கோடிட்டு வைத்திருந்த இடத்திலெல்லாம் எண்ணூற்று அறுபது, தொள்ளாயிரம், தீபத்தன்று ஆயிரம். எடை மிஷின் சொன்ன நானூறு கிராம் எந்த வழியில் வந்தது என்று தெரிந்தது. அரிசிப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு போய் நின்றவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

விரதத்தை விடவில்லை. நாற்பத்தெட்டு என்று வாக்குக் கொடுத்தது நான், அவனில்லை. இனி மஞ்சள் நீர் அபிஷேகம், பிரசாதம் ஒரு பூவும் திருநீறும். பிடிக்காவிட்டால் அவன் என்னிடம் சொல்லட்டும்.

கார்த்திகை 28, ஞாயிறு

தாராபுரம் போய் வந்தேன். கழுவிய கிண்ணத்தைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். நங்கை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க தொக்கு இல்லீங்க நங்கை. நான்தானுங்க." எல்லாவற்றையும் சொன்னேன். மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்தார்.

"சாக்கடையில கொட்டுனயே, அது ரண்டு கிலோ தக்காளி."

"தெரியுமுங்க."

"அடுப்புல ஒரு மணி நேரம் கெளறுனேன்."

"ஆமாங்க."

"உனக்கு இன்னைக்குத் தொக்கு கெடையாது. வெறுஞ்சோறு உண்டுட்டுப் போ." சோறு போட்டார். அந்த விரதச் சோறு ருசியாக இருந்தது. கிளம்பும்போது ஆனமுட்டும் பார்க்கிறாய் என்று சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. "அவன் வாயக் கட்டறதுக்குப் பதிலா அவன் வாயத் தொறக்க வெய்யி. சின்னதுலயே அப்புடித்தான், கால்ல முள்ளு ஏறுனாலும் சொல்ல மாட்டான்" என்றார்.

மார்கழி 3, வியாழன்

5.2.

"நல்லா பாத்துக்குறீங்கம்மா" என்றார் ரெபெக்கா சிஸ்டர்.

கார்த்திகை நாலாம் தேதி சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு இதே வார்த்தையைக் கேட்டு வயிறு நிறைந்து நின்றேனே, அன்று காலையில் அவருக்கு ஊட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். இன்றைக்கு மட்டும் இது உண்மை என்று எப்படித் தெரியும்? 5.2 சொல்லுமா? அன்றைக்கு 5.1 என்ன சொன்னது? இன்றைக்கும் ஏதோ ஒரு கரண்டி எங்கேயோ என் கண்ணுக்குப் படாமல் போய்க்கொண்டிருக்கலாம். இருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனி எப்போதும் வராது என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

"இப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர். எங்க தப்பு இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 4.30லிருந்து படித்தார். புளி என்று இருந்ததைச் சுழித்து, "இதுலயும் பொட்டாசியம் இருக்கும்மா" என்றார். எனக்குச் சுள்ளென்றது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் முன்னால் நோட்டை வைத்தேன். இப்போதெல்லாம் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய கணக்கை மூடுவது. டிப்போவில் டிரிப் ஷீட்டைப் பார்ப்பதுபோலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்ப்பார்.

"இன்னைக்கு எத எழுதாம உட்டேன், சொல்லுங்க. மனசு நோகும்னு பாக்காதீங்க."

"ஒண்ணு உட்டிருக்கற."

நோட்டை வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். "என்னதுங்க?"

"என்னையத் திட்டுனது. அதுக்குக் கட்டமே போடல."

நான் சிரிக்கவில்லை. அளவுகோலை எடுத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். காலையில் சட்டைக்கு, பஸ்ஸில் ஜன்னலுக்கு, மத்தியானம் உப்பு கேட்டதற்கு. திட்டு, 3 என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நாலு" என்றார்.

நாலாவது எனக்கு ஞாபகமே இல்லை. மூன்றை அடித்துவிட்டு நாலு என்று திருத்தினேன். கையெழுத்துப் போட்டார்.